தொலைநோக்கி நண்பர்களோடு முதல் இரவு: ஜவ்வாது மலைக்குக் கிளம்பும் முன்

தொலைநோக்கி வைத்திருக்கும் நாலைந்து பேர் மலையேறி, விடிய விடிய வானம் பார்க்கப் போகிறார்கள். உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களிடம் தொலைநோக்கி கிடையாது. சப்தரிஷி மண்டலத்தைத் தவிர வானத்தில் எதையும் அடையாளம் தெரியாது. போகலாமா என்று தயங்குகிறீர்கள் என்றால், தயங்காமல் போங்கள். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பழகிய இடம் ஜவ்வாது மலை என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கொல்லிமலைக்கோ மேகமலை அடிவாரத்துக்கோ போகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒன்று. இந்த இரவுக்காகத் தொலைநோக்கி வாங்காதீர்கள். "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கும் சின்னக் குழாயை வாங்கவே வாங்காதீர்கள். பலருடைய ஆர்வம் அந்தக் குழாயோடுதான் முடிந்துபோகிறது. பலவகைத் தொலைநோக்கிகளை ஒரே இரவில், ஒரே நட்சத்திரத்தின்மீது வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கடையில் கிடைக்காது, இந்த மாதிரி இரவில்தான் கிடைக்கும். பார்த்த பிறகு வாங்குங்கள். கையில் எதையாவது எடுத்துப்போயே ஆகவேண்டும் என்றால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (முதல் எண் பெரிதாக்கும் மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மி.மீ.-ல்) போதும். அது பிறகும் வீணாகாது.

எந்த இரவு?

நிலா வெளிச்சம் இருந்தால் மங்கலானவை எல்லாம் மறைந்துவிடும். அதனால் அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் கூடுவோம். முதல்முறை வருபவருக்கு நான் சொல்வது அமாவாசை கழிந்து வரும் மூன்றாம் பிறை நாள். இருட்டும் நேரத்தில் மெல்லிய பிறை மேற்கே நிற்கும். தொலைநோக்கியில் நிலாவின் பள்ளங்களை, அவற்றின் நிழலோடு பார்த்துவிடலாம். இரவு எட்டு, எட்டரைக்கு அது மறைந்ததும் முழு இருட்டு நமக்குத்தான்.

மாதம் என்று பார்த்தால் தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். அதோடு, வடக்கு வானமும் தெற்கு வானமும் தம் சிறந்த பொருள்களை ஒரே இரவில் காட்டும் பருவம் இது. கீழே நான் சொல்லும் மணிக்கணக்கெல்லாம் பிப்ரவரி நடுப்பகுதிக்கு உரியது. மாதம் ஒன்று தள்ளிப் போனால் எல்லாம் இரண்டு மணி நேரம் முன்னதாக நடக்கும்.

கிளம்பும் முன் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் தேதியையும் ஊரையும் கொடுத்து, அன்று எந்தெந்தக் கோள்கள் எத்தனை மணிக்கு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோள்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுபவை. நட்சத்திரங்களைப்போல மாதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஏன் ஜவ்வாது மலை?

இந்த மலையை எங்களுக்கு முன்னே ஒருவர் தேர்ந்தெடுத்துவிட்டார். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் நல்ல வானம் தேடிக் கண்டடைந்த இடம்தான், ஆலங்காயத்துக்கு மேலே சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர். 1972-ல் அங்குள்ள வானாய்வகத்துக்கு 1 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, அதற்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். மலையேறும்போது அந்த வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேலே தெரிந்தால் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காவலூர் இங்கே அமைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரத்தையும் பார்க்கலாம், தெற்கே வெகு ஆழத்தில் இருப்பவற்றையும் பார்க்கலாம். ஐரோப்பாவில் பெரிய பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒருபோதும் பார்க்க முடியாதவை நமக்குச் சாதாரணமாகத் தெரியும். எனவே இடம் தேடும்போது தெற்குத் தொடுவானம் மறைக்காத இடமாகப் பார்க்க வேண்டும். சாமை அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் மேட்டு நிலம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

நிலம் யாருடையதோ அவரிடம் பகலிலேயே போய்ப் பேசி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். காட்டுக்குள் போய் நிற்கக் கூடாது. அது சட்டப்படியும் தவறு, கரடி நடமாட்டம் உள்ள மலையில் ஆபத்தும்கூட. இரவில் பெரிய குழாய்களோடு நிற்கும் அந்நியர்களைக் கண்டால் ஊர்க்காரர்கள் பதறுவது இயல்புதானே? நாங்கள் எப்போதும் முதலில் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டுவோம். அப்புறம் பெரியவர்களும் வருவார்கள்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

சமவெளியில் வியர்க்க வியர்க்கக் கிளம்புவீர்கள். இரவு இரண்டு மணிக்கு மலையில் அசையாமல் நிற்கும்போது குளிர் எலும்புக்குள் இறங்கும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காலுறை, கால் முழுதும் மூடும் ஷூ, ஒரு போர்வை. செருப்போடு புல்லில் நடக்காதீர்கள், பாம்பு இருக்கும். மடக்கு நாற்காலி அல்லது பாய். ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. கொசுவிரட்டி களிம்பை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே தடவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அது பட்டால் லென்ஸின் மேற்பூச்சும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும். கண் மை போடும் பழக்கம் உள்ளவர்கள் அன்று ஒருநாள் போடாமல் வந்தால் நல்லது. கண் வைக்கும் லென்ஸில் அது ஒட்டினால் துடைப்பது பெரும்பாடு.

அப்புறம், சிவப்பு விளக்கு. சின்ன டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஏன் சிவப்பு என்றால், விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணரும் செல்கள் சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு கைபேசித் திரையின் வெளிச்சம் அதை ஒரே நொடியில் அழித்துவிடும். மறுபடி அரை மணி நேரம். உங்களுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் அதே கதி.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வண்டியின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். நடுவில் கிளம்ப நேர்ந்தாலும் முகப்பு விளக்கு யார்மீதும் அடிக்காது. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை முதலிலேயே அணைத்து வையுங்கள். ஒருமுறை நள்ளிரவில் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் சால்வை எடுக்கக் காரைத் திறந்தார். நாலு விளக்கும் ஒன்றாகப் பளிச்சென்று எரிந்தன. அந்த நேரம் ஒருவர் மூன்று மணி நேரமாக ஒரே விண்மீன் திரளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை. ஆனால் அந்த மனிதர் விடியும்வரை தலைநிமிரவில்லை. உங்களுக்கு அந்த வருத்தம் வர வேண்டாம்.

பகல் வெளிச்சம் இருக்கும்போது

சீக்கிரம் போவதில் இன்னொரு லாபம், தொலைநோக்கிகள் பொருத்தப்படுவதைப் பார்க்கலாம். கேளுங்கள், எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 'டாப்' என்று நாங்கள் செல்லமாகச் சொல்லும் டாப்சோனியனாக இருக்கும். மரப்பெட்டி மேல் சுழலும் பெரிய குழாய், அடியில் ஒரு குழிஆடி. எட்டு அங்குல ஆடி என்றால் சுமார் 200 மில்லிமீட்டர். இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவை 7 மில்லிமீட்டர். பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கண்ணைவிட 800 மடங்கு ஒளியை அந்த ஆடி சேர்க்கிறது. பெரிதாக்கிக் காட்டுவதைவிட ஒளியைச் சேர்ப்பதே தொலைநோக்கியின் முதல் வேலை.

கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்தொகுப்புக்கு ஐபீஸ் என்று பெயர். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (ஒளி வந்து குவியும் தூரத்தை) ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் விடை: 1200 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 200 மடங்கு. 48 மடங்குதான் அன்றிரவு அதிகம் பயன்படும். 200 மடங்குக்குப் போனால் படம் மங்கும், காற்றின் நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கோள்களுக்கும் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மட்டும் அது சரி.

குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுவார்கள். வெயிலில் சூடான ஆடி, மலைக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை உள்ளே அனல் அலை எழுந்து படம் கலங்கும். சூரியன் மறையாதவரை எந்தக் குழாயிலும், எந்தப் பைனாகுலரிலும் கண் வைக்காதீர்கள். சூரியன்மீது ஒரு கணம் பட்டாலும் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அவர்கள் பக்கத்திலேயே இருங்கள்.

ஐபீஸ் முன்னால் நிற்கும்போது

இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் குழாயைப் பிடிக்காதீர்கள். தடுக்கி விழப்போகிறவர் கம்பியைப் பிடிப்பதுபோல, இருட்டில் கை தானாக எதையாவது தேடும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிவது நல்ல பழக்கம். கண்ணை லென்ஸில் அழுத்தாமல், ஒரு விரல் இடைவெளியில் வைத்து மெதுவாக நெருங்குங்கள். ஒளிவட்டம் ஒன்று தெரியும், அது முழுதாகத் தெரியும் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்கள் கழற்றிவிட்டே பார்க்கலாம், ஃபோகஸைத் திருப்பினால் சரியாகிவிடும். பார்வைச் சிதறலுக்கு (ஆஸ்டிக்மாடிசம்) கண்ணாடி போடுபவர்கள் கழற்ற வேண்டாம். எதைத் திருப்புவதானாலும் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திருப்புங்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொருள் மெல்ல நகர்ந்து வட்டத்தை விட்டு வெளியே போகும். நீங்கள் இடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பூமி சுற்றுகிறது, அவ்வளவுதான். 48 மடங்கில் ஒரு நட்சத்திரம் வட்டத்தைக் கடக்க நாலு நிமிடம், 200 மடங்கில் ஒரு நிமிடம். காலின் கீழே பூமி நகர்வதை நேரடியாகக் காணும் இடம் இது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். முதல் பார்வையில் ஒன்றும் தெரியாது. படங்களில் செந்நீலமாகச் சுழலும் ஆண்ட்ரோமெடா என்ற கேலக்ஸி, ஐபீஸில் வெளிறிய பஞ்சுத்துண்டாகத்தான் இருக்கும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமரா மணிக்கணக்கில் சேர்த்த ஒளி அந்தப் படங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் முதல்முறை வருபவர்கள் மனம் சோர்ந்துபோகிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஓரையன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஓரையன் மேகத்தை, அதாவது ஒளிரும் வாயுத் திரளை, மூன்று நொடி பார்த்துவிட்டு "தெரியுதுங்க" என்று நகர்ந்தேன். தொலைநோக்கிக்கு உரிய பெரியவர் என் தோளைத் தொட்டு, "இல்ல தம்பி, இன்னும் பாக்கல. முழுசா ரெண்டு நிமிஷம் நில்லுங்க, நான் எண்ணுறேன்" என்றார். நின்றேன். முப்பதாவது நொடியில் அந்த வெண்மைக்கு ஒரு விளிம்பு இருப்பது தெரிந்தது. ஒரு நிமிடத்தில் நடுவில் நாலு நட்சத்திரங்கள் தனித்தனியே பிரிந்தன. "இப்ப நேரா பாக்காதீங்க, கொஞ்சம் ஓரமா பாருங்க" என்றார். பார்வையை விலக்கியதும் இரண்டு பக்கமும் சிறகுபோல மங்கிய ஒளி விரிந்தது. முதலிலிருந்தே என் கண்முன் இருந்ததுதான் அது. கண்ணின் நடுப்பகுதி நுணுக்கத்துக்கு, ஓரப்பகுதி மங்கிய ஒளிக்கு, அதனால்தான் ஓரப்பார்வை. இன்றைக்கும் ஒவ்வொரு பொருளிடமும் நான் இரண்டு நிமிடமாவது நிற்கிறேன். பின்னால் வரிசை இருந்தால் நகர்ந்து, மறுபடி கடைசியில் போய் நின்றுகொள்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இரவின் வரிசை

மறையப்போவதை முதலில், உச்சிக்கு வந்ததைப் பிறகு, உதிப்பதைக் கடைசியில். இதுதான் ஒழுங்கு.

ஏழரை மணிக்கு ஆண்ட்ரோமெடா. வடமேற்கில் சரிந்துகொண்டிருக்கும், பத்து மணிக்குப் போய்விடும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. அங்கிருந்து இந்த ஒளி கிளம்பியபோது நம் இனம் தோன்றவே இல்லை. அதன்பின் பைனாகுலரில் கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு ஆறு, பைனாகுலரில் நீலம் தோய்ந்த பல டஜன். தொலைநோக்கியைவிடப் பைனாகுலரில்தான் இது அழகு.

எட்டு மணிக்கு ஓரையன் கிட்டத்தட்ட தலைக்குமேல் வந்திருக்கும். மூன்று நட்சத்திர இடுப்புப் பட்டை, அதன் ஒருபுறம் சிவந்த திருவாதிரை. பட்டைக்குக் கீழே தொங்கும் வாளில்தான் நான் சொன்ன மேகம், வானியல் பட்டியலில் எம் 42. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். உச்சியில் இருக்கும் பொருளுக்கும் நமக்கும் நடுவே காற்று குறைவு, ஆகவே படம் தெளிவு. தொடுவானத்தருகே நட்சத்திரம் மின்னுவது கண்ணுக்கு இனிமை, தொலைநோக்கிக்கு இடைஞ்சல்.

ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்புங்கள். மேலே சிரியஸ், கீழே அகத்திய நட்சத்திரம். இரவு வானின் மிக ஒளியுள்ள இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பத்து மணிவாக்கில் பூசம். தைப்பூசத்தன்று முழுநிலா போய் நிற்கும் அந்த இடத்தில், நிலா இல்லாத நாளில் ஒரு மங்கிய புள்ளிமேகம் தெரியும். பைனாகுலரை வைத்தால் அது ஒரு தேன்கூட்டம்போல நட்சத்திரங்களாக உடையும்.

பத்தரைக்கு அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் "தெரியுதா?" என்று கேட்டதற்கு "தெரியுது" என்று தலையாட்டியவர்கள் எல்லோரும் அன்று உண்மையாகவே பார்க்கலாம். சப்தரிஷியின் வாலில் நடுநட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பவள் அருந்ததி. நல்ல கண்ணுக்கு வெறுமனே தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். 1617-லேயே கலிலியோவும் அவர் மாணவர் காஸ்தெல்லியும் பார்த்துவிட்ட இரட்டை இது. திருமணமானவர்களை இணையாக அழைத்துவந்து காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே நான் இதை விடுவதில்லை.

பதினொன்றுக்கு மேல் ஒரு தொய்வு வரும். சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள். எழுப்பச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் இனிமேல்தான் தெற்கு திறக்கிறது. ஒன்றரை மணிக்குக் கரீனா மேகம்: ஓரையன் மேகத்தைவிடப் பெரியது, தெற்கே தாழ்வாக. இரண்டு, இரண்டரைக்கு ஒமேகா செந்தாரி. வெறுங்கண்ணில் கொஞ்சம் தடித்த நட்சத்திரம். இது நட்சத்திரம் இல்லை என்பதை வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1677-ல் தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கண்டுகொண்டார். எட்டு அங்குல டாபில் வட்டம் நிறையச் சர்க்கரை கொட்டியதுபோல இருக்கும். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், பந்துபோல் திரண்ட ஒரு கோடி நட்சத்திரங்கள். ஓர் இரவில் ஒன்றை மட்டும்தான் பார்க்கலாம் என்றால் நான் இதையே பார்ப்பேன்.

மூன்று மணிக்குக் கருவி எதுவும் வேண்டாம். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாக்குங்கள், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. வடக்கே தொடுவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். அப்படியே திரும்புங்கள், தெற்கே இரண்டு முட்டிக்குள் திரிசங்கு, அதாவது தெற்குச் சிலுவை. ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கிறீர்கள்.

நாலரைக்கு விருச்சிகம் முழுதும் எழுந்திருக்கும், நெஞ்சில் கேட்டை சிவப்பாக. அதன் வாலையொட்டிப் பால்வழியின் தடித்த பகுதி புகைபோல் மேலேறும். ஐந்தரைக்குக் கிழக்கு வெளிறத் தொடங்கும்.

மூட்டை கட்டும்போது

பனி எல்லாவற்றையும் நனைத்திருக்கும். லென்ஸில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். விசிறியோ வெறும் காற்றோ போதும். ஈரத்தோடு மூடியைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அவசரத்தில் மூடிக் கொண்டுவந்தாலும் வீட்டில் திறந்து காயவிடுங்கள். சூரியன் வரும் முன் குழாய்களைக் கிழக்கிலிருந்து திருப்பி மூடி வைப்பார்கள், நீங்களும் கைகொடுங்கள். ஐபீஸ்களின் மூடிகளைப் புல்லில் தேடுவது எப்போதும் கடைசி வேலை. நிலத்தில் ஒரு காகிதக் கோப்பைகூட விடாமல் பொறுக்குங்கள், அடுத்த அமாவாசைக்கும் அதே நிலத்துக்காரரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

உடனே வண்டியை எடுக்காதீர்கள். இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரவு முழுக்க விழித்த கண்ணுக்கு அவை ஆபத்து. இரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருக்கையைச் சாய்த்துத் தூங்கி, ஆலங்காயத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, வாணியம்பாடி வழியாக நெடுஞ்சாலையைப் பிடியுங்கள்.